முக்கோணத்துக்கு ஏன் கூடுதல் கூலி?

நேர்கோட்டில் போனவன் காற்றின் முதுகில் ஏறிப் போனவன். முக்கோணம் போட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியவன்தான் பறக்கத் தெரிந்தவன். பாராகிளைடரில் நெடுந்தூரம் பறப்பவர்களிடையே இதைவிட ஆழமாக வேரோடிய நம்பிக்கை வேறில்லை. நம்பிக்கையாக மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். அது கணக்காகி, விதியாகி, உலகத்துப் பைலட்டுகள் அத்தனை பேரையும் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக நிறுத்தும் அளவுகோலாகிவிட்டது. அந்த அளவுகோல் பிழை என்கிறேன்.

முதலில் விதி என்னவென்று பார்ப்போம். இயந்திரம் இல்லாத இந்தத் துணிச் சிறகு, வெயிலில் சூடேறி எழும் காற்றுக்குள் வட்டமடித்து உயரம் சேர்க்கிறது. சேர்த்த உயரத்தைச் செலவழித்து அடுத்த ஏறுகாற்று வரை சறுக்குகிறது. பைலட்டிடம் உள்ள ஜி.பி.எஸ். கருவி வழி முழுவதையும் பதிந்துகொள்கிறது. தரையிறங்கிய பின் அந்தப் பதிவை இணையத்தில் ஏற்றினால், அதிகப் புள்ளி தரும் வடிவம் எதுவோ அதைக் கணினி தேடி எடுக்கும். உலகெங்கும் பைலட்டுகள் கூடும் எக்ஸ்கொன்டெஸ்ட் போட்டியில் வடிவங்கள் மூன்று. இடையே மூன்று திருப்புமுனைகள் வரை வைத்து அளக்கும் திறந்த தூரத்துக்குக் கிலோமீற்றருக்கு 1 புள்ளி. எந்த வடிவிலும் அமையக்கூடிய தட்டை முக்கோணத்துக்கு 1.2. சர்வதேச வான்விளையாட்டுச் சம்மேளனத்தின் பெயரைத் தாங்கிய எஃப்.ஏ.ஐ. முக்கோணத்துக்கு 1.4, அதில் மிகச் சிறிய பக்கமும் சுற்றளவில் 28 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. முக்கோணம் என்று ஏற்க, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள இடைவெளி சுற்றளவில் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதை 5 சதவீதத்துக்குள் மூடிவிட்டால் தட்டை முக்கோணம் 1.4 ஆகவும் எஃப்.ஏ.ஐ. முக்கோணம் 1.6 ஆகவும் உயரும். ஒருவரின் சிறந்த ஆறு பறப்புகளைக் கூட்டினால் அந்த ஆண்டில் அவர் நிற்கும் இடம் கிடைத்துவிடும்.

எதிர்த்தரப்பின் வாதம் வலுவானது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். காற்றோடு போகிறவனுக்குக் காற்று வேகம் கொடுக்கிறது. முக்கோணத்தில் ஒரு பக்கம் கொடுத்ததை இன்னொரு பக்கம் பிடுங்கிக்கொள்கிறது. ஆகவே முக்கோணத்தில் மிஞ்சுவது பைலட்டின் திறமை மட்டும்தான். மூன்று திசைகளில் பறக்க மூன்று விதமாகக் காற்றைப் படிக்க வேண்டும். வீடு திரும்பும் நேரத்தைக் காலையிலேயே கணிக்க வேண்டும். அதோடு, கூடுதல் புள்ளி இல்லாவிட்டால் எல்லோரும் பலத்த காற்று நாள்களைத் தேடி ஓடுவார்கள், ஆபத்து பெருகும், இறங்கியவரை ஏற்றிவர நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் வாகனம் ஓட வேண்டும். முக்கோணப் பைலட் மாலையில் தன் வாகனத்துக்குப் பக்கத்திலேயே இறங்குகிறார். இவற்றில் சில உண்மை. ஆனால் இவற்றிலிருந்து 1.4 என்ற எண் எப்படிப் பிறக்கிறது?

முதலாவது மறுப்பு. காற்று உண்மையிலேயே சமன்படுகிறதா? ஒரு கணக்குப் போடுவோம். பாராகிளைடர் இயல்பாக மணிக்கு 38 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றே இல்லாத நாளில் 30 கிலோமீற்றர் போய்த் திரும்ப 95 நிமிடம் பிடிக்கும். மணிக்கு 20 கிலோமீற்றர் காற்று இருந்தால் போகும்போது வேகம் 58, திரும்பும்போது 18. போக 31 நிமிடம், திரும்ப 100 நிமிடம், மொத்தம் 131. கொடுத்ததை விடக் கூடுதலாகவே காற்று பிடுங்கிக்கொண்டது. காற்றுள்ள நாளில் மூடிய சுற்று மிகக் கடினம் என்று எதிர்த்தரப்பு சொல்வது இதுவரை சரி. அதனால்தான் முக்கோணப் பைலட்டுகள் அந்த நாள்களில் பெரிய முக்கோணம் போடுவதில்லை. பெரிய முக்கோணங்கள் பெரும்பாலும் காற்று அடங்கிய நாள்களில் பறந்தவை. காற்றோடு மல்லுக்கட்டியதற்கான கூலி என்று சொல்லித் தரப்படும் 1.4, காற்று இல்லாத நாளில்தான் அள்ளப்படுகிறது. பலத்த காற்றில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு 40 கிலோமீற்றர் முக்கோணம் முடித்தவருக்கும் அதே 1.4, இலைகூட அசையாத நாளில் முடித்தவருக்கும் அதே 1.4. எதை அளப்பதாகச் சொல்கிறதோ அதைப் பார்க்கவே பார்க்காத எண்ணை அளவு என்று எப்படி ஏற்பது?

கச்சான் காலத்தில் எங்கள் கிழக்கிலங்கையின் தம்பலகாமத்து வயல் வரம்பில் நின்று பருந்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. கந்தளாய்ப் பக்கமிருந்து சூடாக வீசும் அந்தக் காற்றில் பருந்து வட்டமடித்து ஏறும்போது ஏற ஏறக் கிழக்கே குடாப் பக்கம் தள்ளிப்போகும். அந்த ஏறுகாற்றே காற்றோடு நகர்வதால்தான் இது. பருந்து திரும்ப வேண்டுமென்றால் சிறகை ஒடுக்கி, உயரத்தை இழந்து, எதிர்க்காற்றுக்குள் முகம் கொடுத்து இறங்கி வர வேண்டும். அப்படி வரும்போது வயலில் அடுத்த ஏறுகாற்று கிடைக்காவிட்டால் பருந்து சிறகை அடித்துத் தப்பிக்கும். பாராகிளைடரால் அது முடியாது. திரும்பி வருவது அரிய வித்தைதான், மறுக்கவில்லை. ஆனால் நகரும் காற்றை விடாமல் பிடித்து, அது குலையும்போது அடுத்ததைக் கண்டுபிடித்து, நாள் முழுக்கக் காற்றோடு போவதும் வேறொரு வித்தை. ஒன்றை மற்றதன் ஒன்றரை மடங்கு என்று சொல்ல ஏதாவது தராசு இருக்கிறதா?

காற்று தூக்கிக்கொண்டு போனது என்கிறவர்கள் அந்தப் பறப்புகளைக் கொஞ்சம் ஊன்றிப் பார்க்கட்டும். 2008 டிசம்பரில் தென்னாபிரிக்காவின் கொப்பர்டனிலிருந்து நெவ் ஹியூலெட் 502.9 கிலோமீற்றர் பறந்தார். 500ஐத் தாண்டிய முதல் பாராகிளைடர் பறப்பு அது. 2019இல் பிரேசிலின் வடகிழக்கில் மூன்று பேர் ஒன்றாகச் சேர்ந்து 580க்கு மேல் போனார்கள். 2021 யூனில் செபஸ்ரியன் கெய்ரூஸ் அமெரிக்காவின் டெக்சாஸில் 600ஐத் தாண்டினார். இத்தகைய பறப்புக்கு வெயில் சரியாக ஏறாத காலை வேளையிலேயே கிளம்ப வேண்டும். அப்போது ஏறுகாற்று பலவீனமாகவும் தாழ்வாகவும் இருக்கும். நிலத்திலிருந்து சில நூறு மீற்றர் உயரத்தில், இறங்கிவிடுவோமோ என்ற பயத்தோடேயே இரண்டு மணி நேரம் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். பத்து மணி நேரத்துக்கு மேல் ஒரு பிழையும் விடக் கூடாது. ஒரே ஒரு ஏறுகாற்றைத் தவறவிட்டால் பறப்பு முடிந்தது. காற்று மட்டும் தூக்கிப்போகிறது என்றால் அந்தக் காற்றில் கிளம்பிய எல்லோரும் 600 போயிருக்க வேண்டும். எக்ஸ்கொன்டெஸ்ட் கணக்கில் 600 கிலோமீற்றர் திறந்த தூரமும் 375 கிலோமீற்றர் மூடிய எஃப்.ஏ.ஐ. முக்கோணமும் ஒன்று. எந்த நியாயத்தில் ஒன்று?

இரண்டாவது மறுப்பு எண்களைப் பற்றியது. 28, 20, 5 என்ற மூன்று கோடுகளிலும் புள்ளி சரிவாக இறங்குவதில்லை, மதில் போலச் செங்குத்தாக விழுகிறது. மூடிய 100 கிலோமீற்றர் முக்கோணத்தின் சிறிய பக்கம் 28 கிலோமீற்றர் இருந்தால் பெருக்கெண் 1.6. அதே பக்கம் 27.9 இருந்தால் 1.4. நூறு மீற்றர் குறைந்ததற்குப் புள்ளியில் எட்டில் ஒரு பங்கு போய்விடும். அந்த நூறு மீற்றரில் பைலட்டின் திறமை எட்டில் ஒரு பங்கு குறைந்துவிட்டதா? இந்த 28 சதவீதம் பாராகிளைடருக்காக யோசித்து வைத்த எண்ணும் கிடையாது. இறுகிய இறக்கைகளும் நீண்ட சறுக்கும் கொண்ட சறுக்கு விமானங்களின் விதிப் புத்தகத்திலிருந்து எடுத்தது. அவற்றுக்கு எதிர்க்காற்று ஒரு தொல்லை. மணிக்கு 38 கிலோமீற்றரில் போகும் துணிச் சிறகுக்கு அதே எதிர்க்காற்று சுவர்.

போட்டிக்குப் போட்டி எண்களும் மாறுகின்றன. ஓ.எல்.சி. என்ற பழைய இணையப் போட்டியின் மரபில் வந்த கணக்கில் திறந்த தூரத்துக்கு 1.5, தட்டை முக்கோணத்துக்கு 1.75, எஃப்.ஏ.ஐ. முக்கோணத்துக்கு 2. அங்கே எஃப்.ஏ.ஐ. முக்கோணம் திறந்த தூரத்தின் 1.33 மடங்கு. எக்ஸ்கொன்டெஸ்டில் 1.4 மடங்கு, மூடினால் 1.6 மடங்கு. ஒரே மனிதன், ஒரே பறப்பு, ஒரே ஜி.பி.எஸ். பதிவு. முக்கோணத்தின் மதிப்பு இயற்கையில் உள்ள ஒன்றாக இருந்தால் அளப்பவர் மாறும்போது அதுவும் மாறுமா?

மூன்றாவது மறுப்புத்தான் எனக்கு மிக முக்கியம். பெருக்கெண் அளப்பது நிலத்தை.

தம்பலகாமத்தை வைத்தே பார்ப்போம். தம்பலகாமம், கந்தளாய், கிண்ணியா என்று மூன்று மூலைகளை வரைபடத்தில் குறியுங்கள். தம்பலகாமத்திலிருந்து கந்தளாய்க்கு வான்வழி சுமார் 20 கிலோமீற்றர், கந்தளாயிலிருந்து கிண்ணியாவுக்கு சுமார் 25, கிண்ணியாவிலிருந்து திரும்ப 12க்கும் குறைவு. சிறிய பக்கம் சுற்றளவில் ஐந்தில் ஒரு பங்கு, 28ஐ எட்டாது. எட்ட வேண்டுமானால் மூன்றாவது மூலையைக் கிழக்கே தள்ள வேண்டும். மூதூர் வரை தள்ளினாலும் 28க்குக் கொஞ்சம் கீழேயே நிற்கும். அதற்குள் கீழே இருப்பது வயலில்லை, கொட்டியாரக் குடாவின் தண்ணீர். தண்ணீர் மேல் ஏறுகாற்று கிடைக்காது, பின்னாலிருந்து கச்சான் கடல் பக்கம் தள்ளும். சரி, நேராகப் போகலாமென்றால் அதே கச்சான் உங்களைச் சில நிமிடங்களில் கரைக்குக் கொண்டு போய்விடும்; அதற்கப்பால் நிலமே இல்லை. உலகத்தின் மிகச் சிறந்த பைலட்டை இங்கே கொண்டுவந்து நிறுத்தினாலும் பட்டியலில் அவர் பெயர் அடியில்தான் இருக்கும். அவருடைய கை மாறவில்லை. காலுக்குக் கீழே இருக்கும் நிலம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

இனி இத்தாலியின் தென் திரோலில் உள்ள கிரென்ட்டே என்ற மலைச் சரிவை எடுங்கள். காலைச் சூரியன் நேராக விழும் முகம், மூன்று பக்கமும் விரிந்த பள்ளத்தாக்குகள், ஒன்று ஆறும்போது இன்னொன்று சூடேறும் மலைத் தொடர்கள். வசந்தம் பிறந்தால் அல்ப்ஸ் எங்குமிருந்து அங்கே கூடுகிறார்கள். 300 கிலோமீற்றர் எஃப்.ஏ.ஐ. முக்கோணங்களுக்குப் பெயர்பெற்ற இடம். அங்கே பறப்பவர்கள் திறமைசாலிகள், சந்தேகமில்லை. ஆனால் விதியின் வடிவமும் அந்த மலைகளின் வடிவமும் கைக்கு உறை போலப் பொருந்துகின்றன. சமவெளியில் நாளெல்லாம் காற்றடிக்கும் பிரேசிலின் கிஷாடாவுக்கோ, கடலுக்கும் குளத்துக்கும் இடையில் ஒடுங்கிய எங்கள் கிழக்குக் கரைக்கோ அது பொருந்தாது. தமது நிலத்தில் இயல்பாக அமையும் வடிவத்துக்கே அதிக மதிப்பு என்று சொல்கிறவர்கள், அதை உலகப் பொதுவிதி என்று அழைக்கலாமா?

இமாச்சலப் பிரதேசத்தின் பீர் பில்லிங் இந்த வாதத்துக்கு நல்ல சோதனை. ஏறத்தாழ 2,400 மீற்றர் உயரத்தில் பில்லிங் புல்வெளியிலிருந்து கிளம்பி, தௌலாதார் தொடரை ஒட்டி மேற்கே பாலம்பூரைக் கடந்து தர்மசாலா வரை போய்த் திரும்புவது அங்கே இயல்பான வழி. ஒரு பக்கம் நாற்பது கிலோமீற்றருக்கு மேல். மலை ஒரே சுவராக நிற்பதால் அந்தப் பறப்பு குச்சி போல நீண்டு ஒடுங்கியதாகத்தான் அமையும். மூடினாலும் அது தட்டை முக்கோணம். 80 கிலோமீற்றருக்கு 112 புள்ளி. அதே தூரம் எஃப்.ஏ.ஐ. முக்கோணமானால் 128. அந்தப் பதினாறு புள்ளிக்கு இரண்டு வழிதான். ஒன்று, ஏறுகாற்று மெலிந்த கங்க்ரா சமவெளிக்கு மேல் மூலையை இழுப்பது. மற்றது, தொடரைத் தாண்டிப் பின்னால் உயர்ந்த பனிமலைகளுக்குள் போவது. அங்கே சாலை இல்லை, இறங்க இடம் அரிது, அலைபேசி வேலை செய்யாது.

நான்காவது மறுப்பு இங்கிருந்து வருகிறது. விதி புள்ளியை மட்டும் பங்கிடுவதில்லை. பறந்துகொண்டிருக்கும் மனிதனின் முடிவையும் மாற்றுகிறது. என் அனுபவத்திலேயே அதைக் கண்டேன். ஒரு ஒக்டோபர் மாலை, பீருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். 70 கிலோமீற்றர்ச் சுற்று. மூட வேண்டிய எல்லை 3.5 கிலோமீற்றர், கருவியின் திரையில் மீதி 6 என்று காட்டியது. வெயில் மஞ்சளாகிவிட்டது, ஏறுகாற்று ஏறக்குறைய செத்துவிட்டது. கீழே பைஜ்நாத் பக்கத்து வயல்வெளி அறுவடை முடிந்து அகலமாகக் கிடந்தது. எங்கள் பெரும்போக அறுவடைக்குப் பிறகு கிடக்கும் அரிதாள் வயல் மாதிரியே. இறங்க அதைவிட நல்ல இடம் கிடையாது. நான் இறங்கவில்லை. 1.2ஐ 1.4 ஆக்க இன்னும் இரண்டரை கிலோமீற்றர் என்று மனம் கணக்குப் போட்டது. ஒரு காட்டு முகட்டைத் தாண்டினேன்; மறுபக்கம் காற்று கீழே அமுக்கியது. மின்கம்பிக்கும் கல் அணைக்கும் நடுவில் பத்தடி அகலப் படிவயலில் விழுந்து எழும்பினேன். கால் பிசகியது. எல்லையை மூடவுமில்லை. நல்ல வயலின் மேல் நின்ற என்னை அங்கே தள்ளியது காற்று இல்லை, திரையில் நின்ற அந்த எண்.

என்னுடைய பொறுப்பை நான் விதியின் தலையில் போடவில்லை; இறங்காமல் விட்டது நான்தான். ஆனால் திருப்பும் இடத்தையும் மூடும் வட்டத்தையும் கருவி நிறம் போட்டுக் காட்டும் காலம் இது. காற்று நாள்களின் ஆபத்திலிருந்து முக்கோணம் நம்மைக் காக்கிறது என்று வாதிடுகிறவர்கள், முக்கோணம் தானே உண்டாக்கும் ஆபத்தையும் கணக்கில் எழுத வேண்டும். நாள் முடியும் நேரத்தில், உயரம் குறைந்த நிலையில், இறங்கத் தோதான இடத்தை விட்டு முன்னே போகச் சொல்லும் ஆபத்து அது. நேராகப் போகிறவருக்கு அந்த இழுப்பு இல்லை. எங்கே நல்ல வயல் தெரிகிறதோ அங்கே இறங்கலாம், அவருடைய தூரம் அவருடையது.

அப்படியானால் இரண்டு பேரை ஒப்பிடவே கூடாதா? ஒப்பிடலாம், ஒரே காற்றில் பறந்தால். 2015 ஒக்டோபரில் பீர் பில்லிங்கில் பாராகிளைடிங் உலகக் கோப்பைச் சுற்று நடந்தது. அத்தகைய போட்டியில் அன்றைய வழியை எல்லோருக்கும் ஒன்றாக வகுக்கிறார்கள். எல்லோரும் ஒரே நாளில், ஒரே மலையில், ஒரே வானத்தில் பறக்கிறார்கள். இத்தகைய போட்டிகளில் பரவலாகப் பயன்படும் காப் என்ற கணக்கு முறை இன்னும் ஒரு படி மேலே போகிறது. அன்றைய நாளே எவ்வளவு தகுதியானது, எத்தனை பேர் கிளம்பினார்கள், எவ்வளவு தூரம் போனார்கள் என்றெல்லாம் பார்த்து, அந்த நாளில் மொத்தம் எத்தனை புள்ளி பெறலாம் என்பதையே கூட்டிக் குறைக்கிறது. நாளைப் பார்க்காமல் புள்ளி கொடுக்கக் கூடாது என்பது இந்த விளையாட்டுக்குத் தெரியாத விஷயம் அல்ல. தெரிந்தவர்களே கண்டங்களையும் பருவங்களையும் தாண்டி ஒப்பிடும்போது ஒரே பெருக்கெண்ணோடு நின்றுவிடுகிறார்கள்.

ஐந்தாவது மறுப்பு சுருக்கமானது, என் வரையில் முடிவானதும் அதுதான். முக்கோணத்துக்கே பெயர் கொடுத்த அதே சம்மேளனம் தன் சாதனைப் பதிவுகளில் இந்தப் பெருக்கலைச் செய்வதில்லை. நேர்த்தூரம் ஒரு பிரிவு, முன்கூட்டி அறிவித்த இலக்குக்குப் போவது ஒரு பிரிவு, போய்த் திரும்புவது ஒரு பிரிவு, முக்கோணம் ஒரு பிரிவு. 300 கிலோமீற்றர் முக்கோணம் 420 கிலோமீற்றர் நேர்த்தூரத்துக்குச் சமம் என்று அந்தப் புத்தகம் எங்கேயும் சொல்லவில்லை. வகை பிரிப்பது ஒன்று, வகைகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொடுப்பது வேறு. முன்னதை ஏற்கிறேன், நேர்த்தூரமும் முக்கோணமும் வேறு வேறு என்பதே என் வாதத்தின் அடித்தளம். வேறு வேறு என்பதால்தான் ஒன்றை இன்னொன்றின் நாணயத்தில் விலை பேசக் கூடாது என்கிறேன். நூறு மீற்றர் ஓட்டக்காரனையும் மரதன் ஓட்டக்காரனையும் ஒரு பெருக்கெண் வைத்து யாரும் ஒரே வரிசையில் நிறுத்துவதில்லை.

பெருக்கெண்ணை எடுத்துவிட்டால் எல்லோரும் காற்று நாள்களுக்கு ஓடுவார்கள் என்ற பயத்துக்கும் இதுவே பதில். ஒரே பட்டியலில் பெருக்கெண்ணை மட்டும் எடுத்தால் அது நடக்கும், உண்மை. பட்டியலைப் பிரித்தால் நடக்காது. முக்கோணத்துக்கு ஒரு பட்டியல், திறந்த தூரத்துக்கு ஒரு பட்டியல், போய்த் திரும்புவதற்கு ஒரு பட்டியல். முக்கோணம் விரும்புகிறவர் முக்கோணப் பட்டியலின் உச்சிக்குப் பறக்கட்டும். வாகனம் ஓட வேண்டாம் என்று நினைக்கிறவர் புறப்பட்ட இடத்திலேயே இறங்கட்டும். அந்த நல்ல வழக்கத்துக்கு அவரோடு பறப்பவர்கள் மதிப்பளிப்பார்கள். சமவெளிக்காரருக்கு அவருடைய காற்றில் அவருடைய இடம் கிடைக்கும்.

இது வெறும் விளையாட்டு, யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பார்கள். எந்த மலைக்குப் போவது, எந்த மாதம் விடுப்பு எடுப்பது, எந்தச் சிறகை வாங்குவது, எந்த வயலின் மேல் இறங்காமல் கடந்து போவது என்பதையெல்லாம் இளம் பைலட்டுகள் இந்தப் பட்டியலைப் பார்த்தே தீர்மானிக்கிறார்கள். தன் ஊர்க் காற்றில் பறக்கக் கற்ற ஒருவர், அந்தக் காற்றே மட்டமானது என்று நம்பி வெளியேறுகிறார். அல்லது தன் மலைக்குப் பொருந்தாத வடிவத்தை வலிந்து வரையப் போய் ஆபத்தில் மாட்டுகிறார். விளையாட்டாக இருப்பதால் நட்டம் குறைந்துவிடாது.

மாற்றத்துக்குப் பெரிய வேலை எதுவும் இல்லை. ஏற்றப்பட்ட ஒவ்வொரு பறப்பிலும் வடிவம் என்ன, தூரம் என்ன, இடைவெளி என்ன என்று கணினி ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது. கடைசியில் வரும் அந்த ஒரு பெருக்கலைச் செய்யாமல் விட்டு, வடிவத்துக்கு ஒரு பட்டியலாகப் பிரித்துக் காட்டினால் போதும். இத்தனை ஆண்டுப் பறப்புகளையும் அப்படியே திரும்பப் பிரிக்கலாம். யாரும் ஒரு கிலோமீற்றர்கூடப் புதிதாகப் பறக்க வேண்டியதில்லை.